கசங்காத சேலை

ஓடாத வேனை ஓடுவதுபோலக் காட்ட நான்கு பேர் வேண்டும். பின்சக்கரங்களுக்குப் பக்கத்தில் இரண்டு நீளக் கட்டைகளைச் சொருகி, இந்தப் பக்கம் இருவரும் அந்தப் பக்கம் இருவருமாக மாற்றி மாற்றி அமுக்கினால், உள்ளே இருப்பவர்கள் ஏழாயிரம்பண்ணை ரோட்டில் போகிறவர்கள் மாதிரியே குலுங்குவார்கள். ஐந்தாவதாக ஒருவர் வேப்பங்கிளையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஜன்னலைத் தாண்டி ஓட வேண்டும். மரம் பின்னால் போவதுபோல இருக்கும். அவருக்குச் சாப்பாடு உண்டு, பெயர் போடுவதில்லை.

மூன்று வருஷமாக வாரம் ஒரு நாள் தொலைக்காட்சியில் வருகிற எங்கள் நகைச்சுவைத் தொடரின் வேன் அப்படித்தான் ஓடுகிறது. பட்டாசு வேலைக்குப் போகிற பெண்கள், அவர்களை ஏற்றிப் போகும் வேன், வேனுக்குள் பேச்சு. அவ்வளவுதான் தொடர். எழுதுகிறவனும் நான்தான், தயாரிக்கிறவனும் நான்தான். இரண்டும் ஒரே ஆளாக இருப்பதில் ஒரு கஷ்டம் உண்டு. எழுதுகிறவன் மழை பெய்கிறது என்று எழுதுவான். தயாரிக்கிறவன் அதை அடித்துவிட்டு, மழை வரும்போல இருக்கிறது என்று மாற்றுவான்.

எனக்கு வயது ஐம்பத்திரண்டு. பிறந்தது ஏழாயிரம்பண்ணைக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர். அப்பாவும் அம்மாவும் பிறர் காட்டில் களையெடுத்தவர்கள். கிணறுகள் வற்றிய பிறகு ஊரே பட்டாசுக்குப் போனது. என்னைவிட ஆறு வயது மூத்த அக்கா ஏழாம் வகுப்போடு நின்று தீப்பெட்டிக்குப் போனாள், அப்புறம் பட்டாசுக்கு. நான் விருதுநகரில் கல்லூரி வரை படித்தேன்.

படிப்பு முடிந்ததும் விருதுநகர் பஜாரில் எண்ணெய்க்கடை வைத்திருந்த ஒரு பாய் நடத்திய கேபிள் சேனலில் சேர்ந்தேன். உள்ளூர்ச் செய்தி, சாவு அறிவிப்பு, ஜவுளிக்கடை விளம்பரம், நடுவே பத்து நிமிஷம் காமெடி. காமெடி என் பொறுப்பு. பாய் நான் எழுதியதைப் படிக்க மாட்டார். கடையில் மூட்டை இறக்குகிறவர்களைக் கூப்பிட்டு அவர்கள் முன்னால் என்னை வாசிக்கச் சொல்வார். அவர்கள் சிரிக்கவில்லை என்றால், "தம்பி, இன்னைக்குச் சாவு அறிவிப்பையே கொஞ்சம் கூடப் போட்டுக்கிருவோம்" என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை திட்டியதில்லை. அதற்குப் பிறகு எத்தனையோ அதிகாரிகள் குளிர்ந்த அறைகளில் என் கதையைக் கேட்டுவிட்டு ஏதேதோ சொன்னார்கள். அந்த அளவுக்கு எதுவும் சுடவில்லை.

சென்னைக்குப் போய்ப் பதினைந்து வருஷம் பிறருக்கு எழுதினேன். அழுகைத் தொடர்களுக்கு வசனம். என் பெயர் வராது. ஒரு மாமியாரை நான்கு வருஷம் நினைவில்லாமல் படுக்க வைத்தவன் நான்தான் என்பது இன்றுவரை என் மனைவிக்கும் எனக்கும் மட்டுமே தெரியும். நகைச்சுவைத் தொடர் ஒன்று செய்யலாம் என்று ஒரு வாய்ப்பு வந்தபோது மற்றவர்கள் அடுக்குமாடி வீட்டையும் ஆபீசையும் சொன்னார்கள். நகைச்சுவைத் தொடருக்கு வேண்டியது ஒரே ஓர் இடம், அதைவிட்டு எழுந்துபோக முடியாத நாலு பேர். என்னிடம் அக்காவின் வேன் இருந்தது.

அக்கா வாரம் தவறாமல் ஞாயிற்றுக்கிழமை போன் செய்வாள். அந்த வாரம் வேனில் யார் யாரை என்ன சொன்னார்கள் என்பதுதான் பேச்சு. நான் காதில் போனும் கையில் பேனாவுமாக இருப்பேன். "எழுதிக்கிட்டியாலே?" என்று கேட்டுவிட்டுத்தான் அடுத்ததற்குப் போவாள். தொடரில் முதலில் பின்னணியாக ஏதோ வெளிநாட்டுச் சிரிப்பைப் போட்டிருந்தோம். முதல் வாரம் பார்த்துவிட்டுக் கூப்பிட்டாள்.

"யாருலே அது, கெக்கெக்கேன்னு? அவுகளுக்கு வயித்து வலியா?"

அதன் பிறகு ஒலிப்பதிவுக் கருவியோடு ஊருக்குப் போய், உண்மையான வேனில் அந்தப் பெண்கள் சிரித்ததைப் பதிவு செய்துவந்தேன். மூன்று வருஷமாகத் தொடரில் கேட்பது அந்தச் சிரிப்புதான். அதில் அக்காவைத் தனியாகக் கண்டுபிடிக்கலாம். எல்லோரும் சிரித்து முடித்து அடங்கியபின், ஒரு மூச்சு வாங்கிவிட்டு அவள் மட்டும் மறுபடி ஆரம்பிப்பாள்.

இனி சேலைக்கு வருகிறேன்.

பட்டாசுக்குள் அடைக்கிற வெடிப்பொருளை எங்கள் பக்கம் மருந்து என்போம். மருந்து இருக்கிற இடத்துக்கு நைலான், பாலியஸ்டர் எதையும் கட்டிக்கொண்டு போகக்கூடாது. உரசினால் பொறி பறக்கும். நூல் சேலைதான், மேலே ஒரு பழைய ஆம்பிளைச் சட்டை. கொலுசு, வளையல், ஹேர்பின் எதுவும் ஆகாது. சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் படப்பிடிப்பில் நூல் சேலை மூன்றாவது ஷாட்டுக்குள் கசங்கிவிடும். முந்திய ஷாட்டில் விறைப்பாக இருந்த சேலை அடுத்த ஷாட்டில் சுருங்கி இருந்தால் எடிட்டிங்கில் கத்துவார்கள். ஒவ்வொரு ஷாட்டுக்கும் தேய்த்துக்கொண்டிருந்தால் ஒரு நாள் வேலை ஒன்றரை நாளாகும். உடைகளைப் பார்த்துக்கொள்கிறவர் எங்கள் கதாநாயகிக்கு நீல நிறத்தில் கசங்காத சேலை ஒன்றும், அதே மாதிரி மாற்றுக்கு இன்னொன்றும் வாங்கி வந்தார். எழுதுகிறவன் கொஞ்சம் முனகினான். தயாரிக்கிறவன் சரி என்று சொல்லிவிட்டான்.

அக்கா விடவில்லை. "ஏலே, ஒங்க கதாநாயகி நைலக்ஸ் கட்டிக்கிட்டு மருந்து ரூமுக்குள்ள போறாளே, அவளுக்கு ஆயுசு கெட்டியா? நீ எழுதுற சோக்குக்கு இங்கன எவளும் சிரிக்கலைலே. அந்தச் சேலையப் பாத்துத்தான் சிரிக்காளுக."

நான் அடுத்த வாரம் மாற்றுகிறேன் என்று சொன்னேன். மூன்று வருஷம் சொன்னேன்.

இந்த வருஷம் தொடர் சரியத் தொடங்கியது. வியாழக்கிழமைதோறும் எத்தனை பேர் பார்த்தார்கள் என்று வரும் தாளைத் திறக்கப் பயந்தேன். என் மகளுக்கு இருபத்திரண்டு வயது. படித்துவிட்டு என் எழுத்துக் குழுவிலேயே உதவியாளராகச் சேர்ந்திருந்தாள். மேஜையில் நான் ஒரு வசனத்தைப் படித்தால் முகத்தை நிமிர்த்தாமல் சொல்வாள்: "அப்பா, இதை நீங்க போன தீபாவளிக்கே எழுதிட்டீங்க." நான் வேறொன்று சொல்வேன். "இது அதுக்கு முந்தின தீபாவளி."

சூலக்கரைக்குப் பக்கத்தில் ஒரு காலி மைதானத்தில் இரண்டு வாரப் படப்பிடிப்பு வைத்திருந்தோம். அங்கே வந்ததும் பிடித்துக்கொண்டாள். ஒரு நாள் அத்தையோடு கம்பெனிக்குப் போய் உட்கார்ந்து கேட்கிறேன், வேனுக்குள் மட்டும் பேசி எத்தனை நாள் ஓட்டுவீர்கள், கம்பெனிக்குள் பேச மாட்டார்களா என்றாள். நான் முடியாது என்றேன். கிளம்பும்போது அவள் அம்மாவிடம், பிள்ளையைப் பட்டாசுப் பக்கமே விடமாட்டேன் என்று சத்தியம் செய்துவிட்டு வந்திருந்தேன். ஆனால் புதன்கிழமை சாயங்காலம்வரை அடுத்த வாரத்துக்கு என்னிடம் ஒரு பக்கம்கூட இல்லை. சரி, ஒரே ஒரு நாள், பெட்டியில் அடுக்கும் இடம்வரைதான் என்றேன். இதை நான் எத்தனை முறை எழுதிப் பார்த்தாலும் வேறு மாதிரி எழுத முடியாது. பயந்தேன், ஆனாலும் அனுப்பினேன். ஒரு பக்கத்துக்காக அனுப்பினேன்.

அக்கா போர்மேனிடம் கேட்டுவைத்தாள். அவர் எங்கள் தொடரைப் பார்க்கிறவர், வரட்டும் என்று சொல்லிவிட்டார்.

விடிகாலையில் மகளை நிற்க வைத்துச் சோதித்தேன். ஹேர்பின் ஒன்று, கொலுசு, கைக்கடிகாரம், பையில் கிடந்த லைட்டர் வடிவச் சாவிக்கொத்து எல்லாவற்றையும் வாங்கி வைத்தேன். "தீப்பெட்டி இருக்கா?" என்று கேட்டேன். "அப்பா, நான் எதுக்குத் தீப்பெட்டி வச்சிருக்கேன்?" என்றாள். சுடிதார் வேண்டாம், அங்கே வித்தியாசமாகத் தெரியும், சேலை கட்டு என்று சொன்னவனும் நான்தான். அவளிடம் சேலை இல்லை. உடைப் பெட்டியிலிருந்து கதாநாயகியின் மாற்றுச் சேலையை எடுத்துக் கட்டிக்கொண்டு, மேலே ஒரு பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தாள். நான் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இப்ப சரி" என்றேன். மூன்று வருஷமாகத் திரையில் பார்த்துப் பழகிய சேலை அது. என் கண்ணுக்கு அதுதான் பட்டாசு வேலைக்குப் போகிற பெண்ணின் சேலையாகிவிட்டிருந்தது.

எங்கள் கார் அவளைச் சாத்தூர் தாண்டிக் கொண்டுபோய் அக்காவின் வேன் வரும் இடத்தில் இறக்கிவிட்டுத் திரும்பியது.

பகல் சாப்பாட்டுக்குச் சற்று முன்னால், வேன் குலுங்கிக்கொண்டிருந்தபோது, கட்டை அமுக்கிய நால்வரில் ஒருவர் கையை எடுத்தார். அவர் சட்டைப்பையில் போன் அதிர்ந்திருக்கிறது. வேன் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. நான் கட் சொல்லிவிட்டுக் கத்தப் போனேன். அவர் போனைப் பார்த்தபடி, "சார், ஏழாயிரம்பண்ணைப் பக்கம் வெடிச்சிருச்சாம்" என்றார்.

அவர் காட்டிய படத்தில் தூரத்தில் புகை. எந்தக் கம்பெனி என்று யாருக்கும் தெரியவில்லை. அங்கே காட்டுக்குக் காடு கம்பெனிதான். வேப்பங்கிளையைப் பிடித்துக்கொண்டிருந்தவர் அதை என்ன செய்வது என்று தெரியாமல் தோளில் சாய்த்துக்கொண்டு நின்றது நினைவிருக்கிறது. அக்காவைக் கூப்பிட்டேன். மகளைக் கூப்பிட்டேன். இரண்டு எண்களும் அணைத்து வைக்கப்பட்டிருக்கின்றன என்று ஒரு பெண் குரல் பணிவாகச் சொன்னது. கம்பெனிக்குள் போனை அணைத்து வாசலில் உள்ள பெட்டியில் போட்டுவிட்டுத்தான் போவார்கள், அது எனக்குத் தெரியும். தெரிந்தும் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன்.

காரில் ஏறியபின் நடந்தது முழுவதும் நினைவில்லை. கலெக்டர் ஆபீஸ் பக்கமிருந்து ஒரு தீயணைப்பு வண்டி எங்களைத் தாண்டிப் போனது. அது போகிற வழியிலேயே நாமும் போகிறோமே என்று தோன்றியது. டிரைவரின் போன் விடாமல் அடித்தது. அவர் எங்கள் தொடரின் சிரிப்பைத்தான் அழைப்பு மணியாக வைத்திருந்தார். ஒவ்வொரு முறையும் அந்த வேன் முழுக்கச் சிரித்தது. கடைசியில் அக்கா தனியாக.

"அதை அணைங்க."

"சார், தகவல் எதுவும் வரும்னு..."

"அணைங்க தம்பி."

சாத்தூர் ரயில்வே கேட்டில் நின்றபோது என் மனைவி அழைத்தாள். எடுக்காமல் இருந்திருக்கலாம்.

"சாப்டாச்சா? அவ எங்க?"

"ஷாட்ல இருக்கா" என்றேன்.

"நடிக்கிறாளா?"

"இல்ல, ஷாட் பக்கத்துல நிக்கிறா."

"என்ன குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"தூசி" என்றேன். முப்பது வருஷம் வசனம் எழுதிச் சம்பாதித்தவனுக்கு அந்த நேரத்தில் கிடைத்த வார்த்தை அது. கேட் திறந்தது, சிக்னல் இல்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். இத்தனை வருஷத்தில் எத்தனை தாய்மார்களுக்கு எத்தனை செய்திகளைத் தொலைபேசியில் சொல்லி அழ வைத்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன். அவற்றில் ஒரு வரியும் இவளிடம் சொல்லக்கூடியதாக இல்லை.

கம்பெனிக்கு ஒன்றரைக் கிலோமீட்டருக்கு முன்னாலேயே போலீஸ் ரோட்டை மறித்திருந்தது. டீக்கடையில் விசாரித்ததில், அக்காவின் கம்பெனிதான் என்றார்கள். எத்தனை பேர் என்று தெரியாது என்றார்கள். காரை விட்டுவிட்டு முள்ளுக்காட்டுக்குள் இறங்கி நடந்தேன். ஓடவில்லை. ஓடினால் சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிடுவேனே என்று இருந்தது. இதை இதற்கு முன் யாரிடமும் சொன்னதில்லை.

எதிரே பெண்கள் வந்துகொண்டிருந்தார்கள். சேலைக்கு மேல் சட்டை, கையில் தூக்குவாளி. பாதிப் பேர் செருப்பில்லாமல். ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். நீலச் சேலை இல்லை. ஆறேழு பேருக்குப் பின்னால் அக்கா வந்தாள். கையில் சாப்பாட்டு வாளி, அதற்குள் சோறு அப்படியே இருந்தது.

"யக்கா! பாப்பா எங்க?"

அவள் என்னை வெறித்துப் பார்த்தாள். "என்னலே? சத்தமாச் சொல்லு. காது அடைச்சிருக்கு, ஒண்ணும் கேக்கலை."

"பாப்பா! பாப்பா எங்கக்கா?"

"சாப்பாடா? இன்னும் இல்லைலே, வாயில வைக்கப்போக வெடிச்சிருச்சு."

நான் அவள் தோளைப் பிடித்து உலுக்கிவிட்டு, என் மகளின் உயரத்துக்குக் கையைக் காட்டினேன். பிறகு, என்ன தோன்றியதோ, தோளில் முந்தானை போடுவதுபோல நடித்துக் காட்டினேன்.

அக்காவுக்குப் புரிந்தது. "அவளா? அவளைக் காலையிலேயே வெரட்டிட்டாகலே!" என்று காது கேளாதவர்கள் கத்துகிற மாதிரி அந்தக் காடு முழுக்கக் கேட்கக் கத்தினாள். "உள்ளயே விடலை. நீ குடுத்து விட்டிருக்கியே ஒரு சேலை! வீட்டுலதான் கெடப்பா. போய்ப் பாரு."

நான் அங்கேயே, முள்ளுக்கு நடுவில், உட்கார்ந்துவிட்டேன்.

பின்னால் வந்த பெண்கள் நின்றார்கள். அக்கா சொல்லச் சொல்ல ஆளாளுக்குச் சேர்ந்துகொண்டார்கள். காலையில் வேனுக்குள் என் மகள் ஏறியதுமே ஒருத்தி சேலையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஏத்தா, நாடகத்துக் கதாநாயகி நம்ம வேனுலயே வந்துட்டா!" என்றிருக்கிறாள். கம்பெனி வரை சிரிப்புதான். கம்பெனி வாசலில் போனை வாங்கிப் பெட்டியில் போட்டுப் பூட்டிய பிறகுதான் ஆளைச் சோதிப்பார்கள். சோதிக்கிற அம்மாள் முந்தானையை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்து, "இது ஆகாது தாயி" என்றிருக்கிறாள். பக்கத்தில் நின்ற போர்மேன், "டிவியில விட்டிருப்பாக. இங்கன விடமாட்டோம்" என்று சொல்லிவிட்டார். பூட்டிய பெட்டியை இனிச் சாயங்காலம்தான் திறப்பார்கள் என்பதால் போனைத் தரவில்லை. அக்கா தன் வீட்டுச் சாவியைக் கொடுத்து, கொடியில் கிடக்கிற நூல் சேலையைக் கட்டிக்கொண்டு மினி பஸ்ஸில் வா என்று அனுப்பியிருக்கிறாள்.

"போர்மேன் எங்கக்கா? எல்லாரும் நல்லா இருக்காகளா?" என்று கேட்டேன். அது அப்போதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது. அதற்காக இன்றும் கூசுகிறேன்.

அக்காவுக்குக் கேட்கவில்லை, பக்கத்தில் நின்றவள்தான் சொன்னாள். சாப்பாட்டு நேரம் என்பதால் பெண்கள் எல்லோரும் தூரத்தில் வேம்படியில் இருந்திருக்கிறார்கள். ஒரு அறை தரைமட்டம். வெளியே நின்ற இரண்டு ஆண்களுக்குக் கையிலும் முதுகிலும் தீக்காயம், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். உயிருக்கு ஒன்றுமில்லை என்று கம்பெனி வாசல்வரை கூடப்போன போர்மேன் சொல்லியிருக்கிறார். பின்னால் அவர்களைப் போய்ப் பார்த்தேன். சில வாரத்தில் வீடு திரும்பினார்கள். அன்று அந்தக் காட்டில் அது முழுதாகத் தெரியாது.

"ஒன் சேலை இருக்கே..." என்று ஆரம்பித்து அக்கா சிரிக்கத் தொடங்கினாள். மற்றவர்களும் சிரித்தார்கள். அழுதுகொண்டே சிரித்தார்கள். எல்லோரும் அடங்கியபின், ஒரு மூச்சு வாங்கிவிட்டு, அக்கா மறுபடி ஆரம்பித்தாள். தன் சிரிப்பு தனக்கே கேட்காததால் அவளுக்கு நிறுத்தத் தெரியவில்லை.

வீட்டில் மகள் வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். அக்காவின் பழைய நூல் சேலை, கணுக்காலுக்கு மேலே ஏற்றிக் கட்டியிருந்தது. பக்கத்து வீட்டு அம்மாள் கட்டிவிட்டிருக்கிறாள். கட்டிவிட்டவள் சும்மா விடாமல் தன் மருமகளைப் பற்றிச் சொல்ல, இவள் நோட்டை எடுத்து எழுத, பதினொரு மணி மினி பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தபோது தரை அதிர்ந்திருக்கிறது. கம்பெனியை நோக்கி ஓடியவளைப் போலீஸ் திருப்பி அனுப்பிவிட்டது.

என்னைப் பார்த்ததும் எழுந்தாள். முகமெல்லாம் வீங்கியிருந்தது.

"அப்பா, அத்தை..."

"நல்லா இருக்கா. பின்னால வர்றா. எல்லாரும் நல்லா இருக்காங்க."

"ஊர்ல எல்லார்கிட்டயும் போன் இருந்துச்சுப்பா. ஆளாளுக்குக் குடுத்தாங்க. எனக்கு உங்க நம்பர் தெரியலப்பா. அம்மா நம்பரும் தெரியல. யாரோட நம்பரும் தெரியல."

நான் ஏதேதோ சொல்ல நினைத்தேன். "சாப்டியா?" என்று கேட்டேன். பக்கத்து வீட்டு அம்மாள்தான் பதில் சொன்னாள்: "எங்கன சாப்பிட்டா? அழுத அழுகைக்குத் தண்ணி குடிக்கவே நேரமில்லை. நீங்க உக்காருங்க. நீங்களும் சாப்பிடலை போல இருக்கீக."

அங்கிருந்தே என் மனைவியை அழைத்துப் போனை மகளிடம் கொடுத்தேன். அவள் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். பிறகு போன் என்னிடம் வந்தது. என் மனைவி, "தூசின்னீங்களே" என்று மட்டும் சொன்னாள்.

படப்பிடிப்பை நிறுத்திவிட்டுச் சென்னைக்குத் திரும்பினோம். மூன்று வாரம் தொடரின் பழைய வாரங்களைப் போட்டார்கள். நான் வீட்டில் உட்கார்ந்து அவற்றைச் சத்தமில்லாமல் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் அந்த நீலச் சேலை, கசங்காமல். தப்பு என்று தெரிந்தே செய்த ஒரு காரியம் என் பிள்ளையை வாசலில் நிறுத்தியது. இதைப் புண்ணியத்தில் வைப்பதா எதில் வைப்பது என்று எனக்கு விளங்கவில்லை. அவளை உள்ளே விட்டிருந்தாலும் சாப்பாட்டு நேரத்தில் அக்காவோடு வேம்படியில்தான் இருந்திருப்பாள், ஒன்றும் ஆகியிருக்காது என்று என் மனைவி கணக்குப் போட்டுச் சொல்கிறாள். அது சரிதான். ஆனால் என் மகள் நோட்டும் கையுமாக எங்கே போய் நிற்பாள் என்று எனக்குத் தெரியும். யார் பேசுகிறார்களோ அங்கே போய் நிற்பாள். ஆண்கள் பேச்சும் வேண்டும் என்று அந்த அறைப் பக்கம் போயிருக்க மாட்டாள் என்று யார் சொல்ல முடியும்?

காது திறந்ததும் அக்கா வேறொரு கம்பெனிக்குப் போகத் தொடங்கினாள். சீசன் நேரம், ஆர்டர் நிறைய. போகாதே, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். "நீ நாடகத்த நிறுத்து. நான் வேலைய நிறுத்துதேன்" என்றாள். ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது. புது வேனில் யார் யார் என்ன சொன்னார்கள் என்று சொல்லிக்கொண்டே போனாள். நான் பேனாவை எடுக்கவில்லை. அவளுக்கு எப்படித்தான் தெரிந்ததோ, "எழுதலையா நீ? சும்மாவா சொல்லுதேன்? எழுதுலே" என்று அதட்டினாள். எடுத்தேன்.

இப்போது கதாநாயகிக்கு நூல் சேலைதான். மூன்று ஷாட்டுக்கு ஒருமுறை தேய்க்கிறார்கள், வேலை நேரம் நீள்கிறது, உடைக்காரர் என்னோடு பேசுவதில்லை. சேலை ஒரு ஷாட்டில் கசங்கியும் அடுத்த ஷாட்டில் கசங்காமலும் இருப்பதாக ஒருவர் புகார் எழுதியிருந்தார். அந்தத் தாளை மடித்து மேஜை இழுப்பறையில் வைத்திருக்கிறேன்.

கம்பெனி வாசலில் கதாநாயகியின் தங்கையை உள்ளே விடாமல் திருப்பி அனுப்புகிற காட்சியை என் மகள் எழுதிவந்தாள். போர்மேன் சொன்ன வசனம் அப்படியே இருந்தது. மேஜையில் எல்லோரும் சிரித்தார்கள். நல்ல காட்சி, நான் எழுதியிருந்தால் பெருமைப்பட்டிருப்பேன். எடுக்கலாம் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. தண்ணீர் குடிக்கப் போவதுபோல எழுந்து வராந்தாவுக்கு வந்து, மகளின் எண்ணை அழைத்தேன். இப்போதெல்லாம் ஒரு நாளைக்கு ஏழெட்டு முறை அழைக்கிறேன். கதவுக்கு அந்தப் பக்கம் அவள் போன் அடிப்பது கேட்டது.

"அப்பா, நான் இங்கதான் இருக்கேன். அஞ்சு நிமிஷம் முன்னாடி உங்க எதிர்லதான் உக்காந்திருந்தேன்."

"தெரியும். நம்பரைச் சொல்லு."

பெருமூச்சு விட்டாள். பின்னால் யாரோ சிரித்தார்கள். பிறகு என் எண்ணைப் பள்ளிக்கூடப் பிள்ளை வாய்ப்பாடு சொல்வதுபோல ஒப்பித்தாள். பத்தில் எட்டாவது எண் தப்பு.

திருத்தினேன். மறுபடி முதலிலிருந்து சொல்லச் சொன்னேன்.